தையல் மெஷினுக்கு முன்னால் ஒரு வீடு

கைக்குழந்தையோடு தனியாக நிற்கிற பெண்ணுக்கு ஏதாவது செய்வோம் என்று நல்ல மனசுள்ள நாலு பேர் கூடிப் பேசினால், முதலில் வருகிற யோசனை தையல் மெஷின். கட்சி விழா, கோயில், சர்ச், தலைவர் பிறந்தநாள் என்று வடசென்னையில் எத்தனையோ மேடைகளில் கொடுத்திருக்கிறார்கள். கொடுத்தவர்களின் மனசை நான் மதிக்கிறேன். ஆனால் அந்த மெஷினை அவள் எங்கே வைப்பாள் என்று அந்த மேடைகளில் யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை.

வியாசர்பாடியிலோ கொருக்குப்பேட்டையிலோ புருஷன் வீட்டிலிருந்து திரும்பி வந்த பெண்ணுக்கு அம்மா வீட்டில் ஒரு சுவரோரம் கிடைக்கும். பத்துக்குப் பத்து அறை ஒன்று. அதில் அம்மா, அண்ணன், அண்ணி, அவர்கள் பிள்ளைகள், இப்போது இவளும் குழந்தையும். மெஷின் உள்ளே வந்தால் ஒருவர் படுக்கிற இடம் போய்விடும். கொஞ்ச நாள் வாசலில் சாக்குப் போட்டு மூடி வைப்பார்கள். அப்புறம் ஏதாவது ஒரு ஆஸ்பத்திரிச் செலவு வரும், மெஷின் அடகுக் கடைக்குப் போகும். அண்ணிக்கு இரண்டாவது குழந்தை பிறக்கிற சமயத்தில், 'நீ வேற எங்கயாச்சும் பாத்துக்கோ' என்கிற பேச்சும் வந்துவிடும். அந்த அம்மாவுக்கும் வேறு வழி இல்லை. அவளும் மகன் சம்பாத்தியத்தில் இருக்கிறவள்.

நானும் தண்டையார்பேட்டையில் இருக்கிற என் தோழிகள் சிலரும் சேர்ந்து இப்படிப்பட்ட பெண்களுக்கு வீடு பார்த்துக் கொடுக்கிறோம். பதிவு செய்த அமைப்பு இல்லை, பெயர்ப் பலகை இல்லை. ஒருவர் ரிட்டையர் ஆன அங்கன்வாடி டீச்சர், ஒருவர் மாவு அரைத்து விற்கிறவர், நான் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறவள். இத்தனை காலம் இதைச் செய்ததில் எனக்கு உறுதியாகத் தெரிந்தது ஒன்று. வீடு நிலைத்தால்தான் வேலை நிலைக்கும். வேலை வாங்கிக் கொடுத்துவிட்டால் அவளே வீட்டைப் பார்த்துக்கொள்வாள் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். இங்கே அப்படி நடப்பதில்லை.

நாங்கள் பார்க்கிற பெண்களில் பலருக்கு வயது 19-இல் இருந்து 25-க்குள். பதினேழு பதினெட்டில் காதலித்துக் கோயிலில் தாலி கட்டிக்கொண்டவர்கள் உண்டு. வீட்டிலேயே பார்த்து அவசரமாக முடித்து வைத்தவர்களும் உண்டு. புருஷன் இறந்திருப்பான், ஜெயிலில் இருப்பான், வேறு ஒருத்தியோடு போயிருப்பான், குடித்துவிட்டு அடிக்கிறான் என்று இவளே கிளம்பி வந்திருப்பாள். தாலியே கட்டாமல் ஏமாற்றிவிட்டுப் போனவர்களும் இருக்கிறார்கள். யார் தப்பு என்கிற விசாரணையைத் தெருவே நடத்தி முடித்திருக்கும். நாங்கள் அதைக் கேட்பதில்லை. குழந்தைக்கு என்ன வயசு, இன்றைக்கு ராத்திரி எங்கே படுப்பாய், இந்த இரண்டைத்தான் கேட்போம்.

வீடு தேடுவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். எங்கள் உழைப்பில் பெரும்பகுதி அங்கேதான் போகிறது.

டூலெட் போர்டு பார்த்துக் கதவைத் தட்டினால் முதல் கேள்வி, 'எத்தினி பேரு?' அடுத்தது, 'வூட்டுக்காரர் இன்னா பண்றாரு?' இந்த இரண்டாவது கேள்விக்கு உண்மையைச் சொன்னதும் பேச்சு மாறிவிடும். 'எங்க அக்கா பொண்ணு வர்றேன்னு சொல்லிக்கீது மா, வூடு அவங்களுக்குத்தான்.' ஒரு வாரம் கழித்துப் போனால் அதே போர்டு அங்கேயே தொங்கும். பொய் சொல்லச் சொல்லிப் பல பேர் யோசனை சொல்வார்கள்: துபாயில் இருக்கிறார் என்று சொல், லாரி ஓட்டுகிறார் என்று சொல். நாங்கள் அதைச் செய்ய விடுவதில்லை. பொய் சொல்லிப் போன வீட்டில் அவள் தினமும் பயந்துகொண்டே இருக்க வேண்டும். எதிர் வீட்டுக்காரி ஒரு நாள் கண்டுபிடித்துவிட்டால் அதோடு வீடு போச்சு.

ஓனர்களின் பயத்தில் ஒன்று உண்மையானது. புருஷன் தேடிக்கொண்டு வருவான். கொடுங்கையூரில் ஒரு பெண்ணுக்கு அரும்பாடுபட்டு ஒரு போர்ஷன் பிடித்துக் கொடுத்தோம். ஒரு மாதம்கூட ஆகவில்லை, அவன் ராத்திரி வந்து கேட்டை உதைத்தான். மறுநாள் காலையில் ஓனர் காலி பண்ணச் சொல்லிவிட்டார். அவரும் பிள்ளைகுட்டி உள்ளவர், என்ன சொல்ல? அதிலிருந்து வீடு பார்ப்பதற்கு முன்னாலேயே மகளிர் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, புகாரைப் பெற்றுக்கொண்டதற்கு அவர்கள் தருகிற சி.எஸ்.ஆர். ரசீதை வாங்கிவிடுகிறோம். அந்த ரசீதின் நகலை ஓனரிடமும் கொடுத்து, இப்படி ஒருவன் வந்தால் இந்த நம்பருக்கு அடியுங்கள் என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம். 181 மகளிர் உதவி எண்ணையும் எழுதிக் கொடுக்கிறோம். மறைத்தால் வருகிற சங்கடத்தைவிடச் சொல்லிவிடுவதில் கிடைக்கிற மரியாதை பெரிது. 2005-ஆம் வருடத்துக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டப்படி புருஷன் வீட்டிலேயே குடியிருக்கும் உரிமையை அவள் கோர்ட்டில் கேட்கலாம். ஆனால் அடி வாங்கின வீட்டுக்கே திரும்பிப் போக எத்தனை பேர் விரும்புவார்கள்?

அப்புறம் அட்வான்ஸ். சென்னையில் பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்பது ஊர்ப் பழக்கம். வாடகை 4,000 என்றால் 40,000 ரூபாய் ஒரே நாளில் கையில் வேண்டும். தமிழ்நாட்டின் 2017-ஆம் வருட வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொண்டால் தவிர, மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்று அதில் இருக்கிறது. எங்கள் தெருக்களில் ஒப்பந்தமே எழுதுவதில்லை, அப்புறம் எதைக் காட்டிப் பேசுவது? அதனால் இந்தப் பெண்கள் கந்துவட்டிக்கு ஓடுகிறார்கள், இல்லாவிட்டால் வாரத் தவணைக் குழுக் கடனில் பெயர் கொடுக்கிறார்கள். குடி போன முதல் மாதமே வாடகை ஒரு பக்கம், தவணை ஒரு பக்கம். ஒரு மாதம் குழந்தைக்குக் காய்ச்சல் வந்து நாலு நாள் வேலைக்குப் போகவில்லை என்றால் எல்லாம் சரிந்துவிடும்.

நாங்கள் எங்களுக்குள் ஒரு பணத்தைத் திரட்டி அட்வான்ஸுக்கென்றே தனியாக வைத்திருக்கிறோம். பெரிய தொகை இல்லை. ஓனர் கையில் நாங்களே கொடுத்து, இத்தனை வாங்கிக்கொண்டேன், காலி செய்யும்போது திருப்பித் தருவேன் என்று ஒரு பத்திரத்தில் எழுதி வாங்குகிறோம். அவள் பெயரும் எங்களில் ஒருவர் பெயரும் அதில் இருக்கும். முடிந்தபோது மாதம் ஐந்நூறு ரூபாயாக அவள் எங்களுக்குத் திருப்பித் தருவாள், அது அடுத்த பெண்ணின் அட்வான்ஸுக்குப் போகும். இதில் வேலை செய்வது பணம் என்றுதான் ஆரம்பத்தில் எல்லோருக்கும் தோன்றும். எனக்கோ, அந்தப் பத்திரத்தில் இருக்கிற இரண்டாவது கையெழுத்துதான் வேலை செய்கிறது என்று தோன்றுகிறது. 'நாளைக்கு ஏதாச்சும்னா நான் யாரை வந்து கேக்குறது?' எல்லா ஓனர்களும் கடைசியில் வந்து நிற்கிற கேள்வி இது. அப்பா, அண்ணன், புருஷன் யாராவது ஒருவர் பதில் சொல்ல நிற்கும் பெண்ணிடம் இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. 'என்னை வந்து கேளுங்க அண்ணா' என்று நாங்கள் சொன்னதும் சில ஓனர்கள் பத்து மாதத்தை ஐந்து மாதமாகக் குறைத்திருக்கிறார்கள்.

நல்ல ஓனர்களாக அமைந்தவர்களில் பல பேர் வயதான பெண்கள். புதுவண்ணாரப்பேட்டையில் ஓர் ஆயா, புருஷன் கடலுக்குப் போய்த் திரும்பாமல் போனபிறகு காசிமேட்டில் கூடை எடுத்து மீன் விற்று மூன்று பிள்ளைகளை ஆளாக்கியவர். மாடிப் போர்ஷனை எங்கள் பெண் ஒருத்திக்குக் கொடுத்தார். ஒரு கேள்வியும் கேட்கவில்லை. 'கொயந்த படியில வுழாம பாத்துக்கோ' என்றதோடு சரி.

இரண்டு பெண்களை ஒரே வீட்டில் குடிவைப்பது எங்களுக்கு நன்றாகக் கைகொடுத்திருக்கிறது. ஒருத்தி காலை ஆறு மணிக்கு ஆஸ்பத்திரியில் ஹவுஸ்கீப்பிங் வேலைக்குப் போய் இரண்டு மணிக்குத் திரும்புவாள். இன்னொருத்தி காலையில் பிள்ளைகளைக் கிளப்பி அங்கன்வாடியில் விட்டுவிட்டு, பத்து மணிக்கு எம்.சி. ரோடு துணிக்கடைக்குப் போய் ராத்திரி ஒன்பதுக்கு வருவாள். பிள்ளைகளுக்கு எந்நேரமும் ஓர் அம்மா கையெட்டும் தூரத்தில் இருப்பாள். வாடகை பாதி, கரண்ட் பில் பாதி. சண்டை வராதா? வரும். சிலிண்டர் யார் முறை என்பதில்தான் அதிகம் வரும். இப்போது குடி வைக்கிற அன்றே சுவர்க் காலண்டரில் சிலிண்டர் முறையை எழுதி மாட்டிவிடுகிறோம்.

கீழ்த்தள வீடுகளைக் கூடுமானவரை தவிர்க்கிறோம். பட்டாளம், புளியந்தோப்பு, வியாசர்பாடி பக்கம் மழைத் தண்ணீர் எப்படி ஏறும் என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் ஒரு பெண் சேர்த்து வைத்த அத்தனையும் போயிற்று: கட்டில், மிக்ஸி, குழந்தையின் பிறப்புச் சான்றிதழ். அப்போது அரசு கொடுத்த 6,000 ரூபாய் நிவாரணம் ரேஷன் கடை வழியாகக் குடும்ப அட்டைக்குத்தான் வந்தது. அட்டை இல்லாதவர்கள் தனியாக மனு எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். அவளுடைய பெயர் இருந்த அட்டை மாமியார் வீட்டில் இருந்தது. பணத்தை அவர்கள் வாங்கிக்கொண்டார்கள்.

இந்த அட்டை விஷயம் பெரிய முடிச்சு. மாமியார் வீட்டு ஸ்மார்ட் கார்டில் பெயர் நீக்கினால்தான் புதுக் கார்டு போட முடியும். நீக்குவதற்கு அந்தக் கார்டில் பதிவான செல்போனுக்கு ஓ.டி.பி. போகும். போன் புருஷனிடம் இருக்கிறது. அவன் சொல்லவே மாட்டான். சென்னையில் மாதம் ஒரு சனிக்கிழமை நடக்கிற ரேஷன் குறைதீர் முகாமுக்கு அலைந்து, அதிகாரியிடம் நேரில் பேசித்தான் சிலவற்றைத் தீர்த்தோம். அதற்கும் வீட்டு முகவரிக்கு ஆதாரம் கேட்பார்கள். ஆகவே முதலில் வாடகை ஒப்பந்தம், அதற்கு முதலில் வீடு. சுற்றிச் சுற்றி அங்கேதான் வந்து நிற்கிறது.

அரசு இவர்களை மறந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். திட்டங்கள் இருக்கின்றன. வயசுதான் இடறுகிறது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவிக்குத் தாய்க்கு 19 வயது ஆகியிருக்க வேண்டும். 2023 செப்டம்பரில் தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் தொகை மாதம் 1,000 ரூபாய், அதற்கு 21 வயது நிரம்ப வேண்டும், ஒரு குடும்ப அட்டைக்கு ஒருவருக்குத்தான். அம்மா கார்டில் திரும்பச் சேர்ந்துகொண்ட பெண்ணுக்கு அது வராது, அம்மாவுக்கு வரும். எனக்கு மிகவும் வலிக்கிறது ஓய்வூதிய விதி. புருஷன் இறந்தால் ஆதரவற்ற விதவை என்று 18 வயதிலேயே விண்ணப்பிக்கலாம். விட்டுவிட்டு ஓடிப்போனால் 30 வயதாக வேண்டும், அதோடு ஐந்து வருடம் பிரிந்திருக்க வேண்டும் அல்லது கோர்ட்டில் பிரிவு ஆணை வாங்கியிருக்க வேண்டும். இருபது வயதில் கைவிடப்பட்டவள் பத்து வருடம் காத்திருக்க வேண்டும். குழந்தைக்குப் பால் வாங்க வேண்டிய பத்து வருடம் அது. சின்ன வயதிலேயே உதவித்தொகை கொடுத்தால் பெண்கள் சும்மா பிரிந்துவிடுவார்கள் என்று யாராவது பயந்திருப்பார்களோ என்னவோ. மாதம் 1,200 ரூபாய் ஓய்வூதியத்துக்காக யாரும் குடும்பத்தை விட்டு வருவதில்லை. இந்த வயது வரம்பைக் குறைத்தே ஆக வேண்டும்.

அதிகம் பேருக்குத் தெரியாத ஒரு நல்ல வழி இருக்கிறது. மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில், விதவை, விவாகரத்தானவர், குடும்பத்தால் கைவிடப்பட்டவர் ஆகியோரின் பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய் ஆதரவுத் தொகை உண்டு. நகரத்தில் குடும்ப வருமானம் வருடத்துக்கு 96,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். விண்ணப்பிக்க வேண்டியது மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில். எல்லோருக்கும் கிடைத்துவிடாது, நாள் பிடிக்கும், இருந்தாலும் மனு போட்டு வையுங்கள். ஒரு வீட்டு வாடகைக்குச் சமமான பணம் அது.

தாலி கட்டாமல் குழந்தை பெற்றவர்களுக்கு இன்னொன்று. அப்பா பெயர் இல்லாமல் பிறப்புச் சான்றிதழ் தர மாட்டோம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். தனித் தாய் உறுதிமொழி கொடுத்தால் சான்றிதழ் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2015-இல் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. ஜீவனாம்சம் கேட்க வக்கீல் ஃபீஸுக்குப் பயப்பட வேண்டாம். வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் எல்லாப் பெண்களுக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் வைத்துத் தரும்.

இனி வேலை. எம்.சி. ரோடு, தங்கசாலை, சௌகார்பேட்டைக் கடைகளில் எப்போதும் ஆள் தேவை. காசிமேட்டில் மீன் வெட்டிக் கொடுக்கிற வேலையில் ஞாயிற்றுக்கிழமை நல்ல காசு பார்க்கலாம். ஆனால் விடியற்காலை மூன்று மணிக்குக் குழந்தையை யாரிடம் விட்டுப் போவது? தையல் தெரிந்தவர்களுக்கு எக்ஸ்போர்ட் கம்பெனி உண்டு. 2021 மே முதல் சாதாரணக் கட்டணப் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்று ஆனது இந்தப் பெண்களுக்கு எவ்வளவு பெரிய மாற்றம் என்பதைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். எண்ணூரில் வாடகை குறைவாக வீடு பிடித்துக்கொண்டு பாரிமுனைக்கு வேலைக்குப் போக முடிகிறது. முன்னால் சம்பளத்தில் ஒரு பங்கு பஸ்ஸுக்கே போகும். அதே வருடம் கடைகளில் வேலை செய்பவர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு அரசு சட்டம் திருத்தியது. பிரசவமாகி ஆறு மாதத்தில் பதினோரு மணி நேரம் நின்றுகொண்டு புடவை எடுத்துக் காட்டுகிற பெண்ணின் காலைப் பார்த்தவர்களுக்கு அந்தச் சட்டத்தின் அருமை தெரியும். இன்னும் ஸ்டூல் போடாத கடைகள் இருக்கின்றன. துணி எடுக்கப் போகிறவர்கள் ஒரு வார்த்தை கேட்டால் போதும்.

கஷ்டம் எங்கே வருகிறது என்றால், அங்கன்வாடி சாயங்காலம் மூடிவிடும், கடை ராத்திரி ஒன்பது வரை. நடுவில் இருக்கிற ஐந்து மணி நேரத்துக்கு யாராவது வேண்டும். இந்த ஐந்து மணி நேரத்தால்தான் பெண்கள் நல்ல வேலையை விட்டுவிட்டு, வீட்டோடு செய்கிற, காசு குறைந்த வேலைக்கு வருகிறார்கள். எங்கள் அங்கன்வாடி டீச்சர் இப்போது தன் வீட்டு ஹாலிலேயே பிள்ளைகளை வைத்துக்கொள்கிறார். மாதம் ஒரு சின்னத் தொகை வாங்கிக்கொள்கிறார். இலவசமாகச் செய்தால் பெண்கள் கேட்கக் கூச்சப்படுவார்கள் என்பது அவர் கணக்கு. ஒவ்வொரு வார்டிலும் ஓர் அங்கன்வாடியையாவது ராத்திரி ஒன்பது வரை திறந்து வைத்தால் எத்தனை குடும்பம் நிமிரும்!

தங்க இடமும் தொழிலும் ஒரே கையால் கொடுக்கப்பட வேண்டும் என்பது இந்த ஊருக்குப் புதிதல்ல. நூறு வருடத்துக்கு முன்னால் சகோதரி சுப்பலட்சுமி, தானே குழந்தை விதவையாக இருந்தவர், மெரினா எதிரே இருக்கிற ஐஸ் ஹவுஸில் இளம் விதவைகளைத் தங்கவைத்துப் படிக்கவைத்து டீச்சர்களாக அனுப்பினார். முதலில் கூரை, அதற்குள்ளேயே படிப்பு, அப்புறம் வேலை. முத்துலட்சுமி ரெட்டி 1930-இல் தொடங்கிய அவ்வை இல்லமும் அதே மாதிரிதான். இன்றைக்கு இருக்கிற ஏற்பாடுகளில், வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு உதவுகிற அரசின் சகி மையத்தில் அவசரத்துக்கு ஐந்து நாள் வரை தங்கலாம். அது உயிரைக் காப்பாற்றும் ஐந்து நாள், மறுக்கவில்லை. ஆறாவது நாள் அவள் எங்கே போவாள்? வேலைக்குப் போகும் பெண்களுக்கான விடுதிகளில், மத்திய அரசின் சகி நிவாஸ் விதிகள் பிள்ளைகளோடு தங்குவதை அனுமதிக்கின்றன. குழந்தையோடு தங்கி, ஒன்றிரண்டு வருடத்தில் கொஞ்சம் பணம் சேர்த்து, சொந்தக் காலில் வாடகை வீட்டுக்குப் போகிற மாதிரி விடுதிகள் ராயபுரத்துக்கும் திருவொற்றியூருக்கும் நடுவில் வர வேண்டும் என்பது என் ஆசை.

அரசின் வாரியக் குடியிருப்புகளை இடித்துக் கட்டுகிற இடங்களில் இன்னொன்றையும் கேட்க வேண்டும். கணக்கெடுக்கிறபோது அம்மா வீட்டில் ஒண்டியிருக்கும் மகளையும் அவள் குழந்தையையும் அதே குடும்பத்தில் சேர்த்து எழுதிவிடுகிறார்கள். அவர்களைத் தனிக் குடும்பமாக எழுத ஒரு கட்டம் போட்டால் போதும். கணக்கெடுப்பு நடக்கிற தெருவில் இருக்கிறவர்கள் அந்த நேரத்தில் பக்கத்தில் நின்று இதைக் கேளுங்கள். பிறகு போனால் லிஸ்ட் முடிந்தது என்பார்கள்.

இப்போதைக்கு இரண்டு பெண்கள் சேர்ந்து குடியிருக்க வீடு தேடிக்கொண்டிருக்கிறோம். ஒருத்தியின் மகன் ஜூனில் ஒன்றாம் வகுப்புச் சேர வேண்டும், அதற்குள் கிடைத்தால் நல்லது. தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, எழில் நகர் எங்கே என்றாலும் சரி. மாடியாக இருக்க வேண்டும். வாடகை ஐயாயிரத்துக்குள், தேதி ஐந்துக்குள் கைக்கு வந்துவிடும். பத்திரத்தில் என் கையெழுத்தும் இருக்கும்.